செட்டிநாட்டிலிருந்து பார்சல் அனுப்புவது எப்படி? வீட்டிலிருந்தே விற்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுப் பட்டாலையில் ஒரு தராசு, ஒரு டேப் கட்டர், சுவரோரம் அடுக்கிய அட்டைப்பெட்டிகள். என் கடை அவ்வளவுதான். வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் ஆர்டர் எடுத்துப் பலகாரமும், பனையோலையில் முடைந்த கூடையான கொட்டானும் அனுப்புகிறேன். கண்டாங்கிச் சேலை விற்கும் தங்கச்சி, மசாலாப்பொடி திரித்து விற்கும் மதினி, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கு ஆர்டர் பிடிக்கும் தம்பி என்று சுற்றிலும் இதே தொழிலில் ஆட்கள் இருக்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிற எல்லோரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான். ஒவ்வொரு முறையும் போனில் சொல்லித் தொண்டை வறண்டுபோனதால் எழுதிவைக்கிறேன்.

தபாலா, கூரியரா, எது நல்லது?

பொருள் என்ன, எந்த ஊருக்குப் போகிறது என்று சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். சென்னை, கோவை, பெங்களூரு போன்ற பெரிய ஊர்களுக்கு எந்தக் கூரியரும் போகும். தமிழ்நாட்டுக்குள் என்றால் எஸ்.டி. கூரியர், புரொபஷனல் கூரியர் மாதிரி நம் பக்கம் பழகிய கூரியர்களே போதும். காலையில் கொடுத்தால் பெரும்பாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ சேர்ந்துவிடும். ஆனால் வாங்குபவர் ஒடிசாவில் ஒரு கிராமத்திலோ அசாமில் ராணுவக் குடியிருப்பிலோ இருந்தால் தபால்தான். கூரியர்காரர் போகாத ஊரிலும் தபால்காரர் இருப்பார்.

நான் வைத்திருக்கும் வழக்கம் இது. வெளிமாநிலச் சிற்றூர்களுக்கெல்லாம் ஸ்பீட் போஸ்ட். தமிழ்நாட்டு நகரங்களுக்குக் கூரியர். பத்துக் கிலோவுக்கு மேல் போனால், அதுவும் கடைக்காரருக்கு என்றால், லாரி பார்சல் ஆபீஸ். ஸ்பீட் போஸ்ட்டில் 35 கிலோ வரை எடுப்பார்கள். ஆனால் அந்த எடைக்குக் கட்டணம் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். அவசரமில்லை என்றால் தரைவழியில் போகும் சாதா பார்சல் குறைவாகும். சேலைக்கு அது சரி. முறுக்குக்குச் சரிவராது.

வீட்டுக்கே வந்து எடுத்துக்கொண்டு போவார்களா?

காரைக்குடி, தேவகோட்டை டவுனுக்குள் என்றால் கூரியர்காரர்கள் வருவார்கள். கிராமத்துக்குள் வருவது அந்தந்த ஏஜெண்டைப் பொறுத்தது. தினமும் ஐந்தாறு பார்சல் தருகிறேன் என்று சொன்னால் வருகிறார்கள், ஒன்றிரண்டுக்கு வருவதில்லை. ஆகவே பக்கத்துத் தெருவில் விற்பவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரே வீட்டில் பார்சல்களை வைக்கிறோம், ஒரே நடையில் எடுத்துப்போகிறார்கள்.

ஷிப்ராக்கெட் மாதிரியான ஆப்களில் முன்பணம் போட்டுவைத்து, ஒரே திரையில் பல கூரியர்களின் கட்டணத்தை ஒப்பிட்டுப் புக் செய்யலாம். வசதிதான். ஆனால் ஆர்டர் எடுக்கும் முன்பே உங்கள் பின்கோடிலிருந்து பிக்கப் உண்டா என்று பார்த்துவிடுங்கள். காரைக்குடியின் 630001க்கு உண்டு என்று காட்டியது எங்கள் ஊரின் 630103க்கு இல்லை என்று காட்டும்.

தபாலில் மொத்தமாக அனுப்புகிறவர்கள் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். அப்போது பிக்கப்பும், மாதம் முடிந்தபின் பணம் கட்டும் வசதியும் கிடைக்கும். தலைமை அஞ்சலகத்தில் மார்க்கெட்டிங் அலுவலர் யார் என்று கேட்டுப் பேசுங்கள்.

எந்த நேரத்தில் தபாலாபீஸுக்குப் போகவேண்டும்?

அன்றைய பார்சல்களைப் பையில் கட்டி அனுப்பும் நேரம் எது என்று கவுண்டரில் கேளுங்கள். அதற்குப் பிறகு கொடுத்தால் ரசீதில் இன்றைய தேதி இருக்கும், பார்சல் மறுநாள்தான் கிளம்பும். ஊர்க் கிளை அஞ்சலகத்தில் கொடுத்தால் அது முதலில் துணை அஞ்சலகம் போய், அங்கிருந்து நகரும். பலகாரம் இருக்கும் நாளில் நானே வண்டியை எடுத்துக்கொண்டு காரைக்குடிக்குப் போய்விடுகிறேன். பெட்ரோல் செலவு போனாலும் ஒரு நாள் மிச்சம். சனிக்கிழமை பலகாரம் அனுப்புவதே இல்லை.

ரிஜிஸ்டர் தபாலை நிறுத்திவிட்டார்களாமே?

தனியாக இருந்த பதிவுத் தபாலை 2025இல் ஸ்பீட் போஸ்டோடு இணைத்துவிட்டார்கள். கம்மல், வளையல் என்று சிறு உறையில் அனுப்பியவர்கள் இனி ஸ்பீட் போஸ்ட் என்றே கேட்கவேண்டும். பெயருள்ளவரிடமோ அவர் அதிகாரம் கொடுத்தவரிடமோ மட்டும் தரவேண்டும் என்றால் 'பதிவு' என்ற கூடுதல் சேவையைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஓ.டி.பி. சொன்னால்தான் தருவார்கள் என்ற இன்னொரு சேவையும் 2025 அக்டோபரிலிருந்து இருக்கிறது. இரண்டுக்கும் தலா 5 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் ஆகும். விலை கூடின சேலைக்கு ஓ.டி.பி. போடலாம். ஆனால் வாங்குபவரிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். எழுபது வயது ஆச்சி ஒருவர், 'ஓ.டி.பி. யாருக்கும் சொல்லாதே என்று பேரன் சொல்லியிருக்கிறான்' என்று தபால்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டார். பேரன் சொன்னதிலும் தப்பில்லை.

என் கொட்டான் 400 கிராம்தான். மூன்றரைக் கிலோவுக்கு மேல் பில் போட்டிருக்கிறார்களே, ஏமாற்றா?

ஏமாற்று இல்லை, கன அளவு எடை. லேசான பொருள் பெரிய இடத்தை அடைத்துக்கொண்டால் வண்டிக்காரருக்கு நஷ்டம் என்பதால் இப்படி ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுப்பார்கள். வருவது கிலோ. அந்த எடையிலும் தராசு எடையிலும் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம்.

உங்கள் கொட்டானையே எடுத்துக்கொள்வோம். பெட்டி 30 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 20 உயரம். பெருக்கினால் 18,000. ஐயாயிரத்தால் வகுத்தால் 3.6 கிலோ. பனையோலை 400 கிராம், நீங்கள் அனுப்பியதில் மற்றதெல்லாம் காற்று.

இதற்கு வழி இருக்கிறது. கொட்டானை ஒற்றையாக விற்காமல் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்றை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து ஒரு செட்டாக விற்கலாம். பெட்டி அதேதான், கட்டணமும் அதேதான். அல்லது கொட்டானுக்குள் பலகாரப் பாக்கெட்டுகளை அடைத்து சீர்வரிசை மாதிரி விற்கலாம். 3.6 கிலோவுக்குக் காசு கட்டியாயிற்று, மூன்று கிலோ மனகோலப் பலகாரம் இலவசமாகப் போகட்டுமே. எனக்குக் கொட்டான் வியாபாரமே அப்படித்தான் சூடுபிடித்தது. செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது என்று ஒரு சின்ன அட்டையில் அச்சடித்து உள்ளே வைத்தேன், அதைப் படம் பிடித்துப் போடுகிறார்கள்.

கண்டாங்கிக்கு இந்தத் தொல்லை இல்லை. மடித்தால் அரைக் கிலோ பக்கம் வரும், தட்டையாக இருக்கும். அதை அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்புகிறவர்கள் சும்மா காசைக் கரைக்கிறார்கள். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஒட்டி, அதைக் கூரியர் கவரில் போட்டால் போதும். மழைக்காலத்தில் மட்டும் இரண்டு உறை போடுங்கள்.

ஆப் வழியாக அனுப்பினால் எடைத் தகராறு வரும். நீங்கள் 900 கிராம் என்று போட்டிருப்பீர்கள், ஒரு வாரம் கழித்து ஒன்றரைக் கிலோ என்று முன்பணத்தில் பிடித்திருப்பார்கள். தராசில் பெட்டி இருக்கும்போது எண் தெரிய ஒரு படம், பக்கத்தில் டேப் வைத்து ஒரு படம், இரண்டையும் எடுத்துவைத்திருந்தால் வாதாடலாம். படம் இல்லாமல் வாதாடி ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை.

முறுக்கும் தேன்குழலும் உடையாமல் போக வழி?

முதலில் எது பயணம் தாங்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். சீப்புச்சீடை எங்கே போனாலும் அப்படியே போய்ச் சேரும். மாவுருண்டை கொஞ்சம் உதிரும், சுவை குறையாது. அதிரசம் உடையாது, எண்ணெய் கசியும். தேன்குழலும் கைமுறுக்கும்தான் சோதனை. உளுந்து மாவில் கிளறும் கும்மாயம் கேட்கிறவர்களிடம், நேரில் வந்து சாப்பிடுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

ஆறவிட்டுப் பாக்கெட் போடுவது பாதி வேலை. சூட்டோடு அடைத்தால் உள்ளே வேர்த்து இரண்டே நாளில் நமத்துவிடும். மாலையில் சுட்டால் மறுநாள் காலையில்தான் அடைக்கிறேன். நிற்கும் பையில் நிரப்பும்போது கொஞ்சம் காற்றோடு ஒட்டுங்கள். காற்றை முழுக்க அமுக்கி எடுத்தால் பலகாரம் ஒன்றோடொன்று நெருங்கி நொறுங்கும். பிறகு பையைச் சுற்றி பபிள் ராப், அதற்கு வெளியே அட்டைப்பெட்டி. ஒரு கிலோ வரை மூன்றடுக்கு அட்டை போதும், அதற்கு மேல் ஐந்தடுக்கு. மூலை இடைவெளிகளில் கசக்கிய பழைய நாளிதழைத் திணிக்கலாம். ஆனால் அச்சுமை பலகாரத்தைத் தொடக்கூடாது, இடையில் உறை இருக்கவேண்டும்.

ஒட்டி முடித்ததும் பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே சத்தம் கேட்டால் திறந்து இன்னும் திணியுங்கள். அப்புறம் இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் போட்டுப் பாருங்கள். முதல்முறை நெஞ்சு பதறும். ஆனால் வழியில் யாரோ எப்படியும் அதைச் செய்யத்தான் போகிறார்கள், நம் வீட்டில் நடந்தால் என்ன உடைந்தது என்றாவது தெரியும். 'உடையும் பொருள்' என்று சிவப்பில் ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒட்டுகிறேன், ஆனால் அதை நம்பிப் பெட்டியைக் கட்டுவதில்லை.

ஊறுகாய், நெய், செக்கு எண்ணெய் அனுப்பலாமா?

பல கூரியர்கள் திரவத்தை எடுப்பதில்லை. எடுக்கிறவர்களும் கசிந்தால் பொறுப்பில்லை என்பார்கள். கண்ணாடி பாட்டிலை விட்டுவிட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பையில் போட்டு, என்ன பொருள் என்று கவுண்டரில் சொல்லிவிட்டு அனுப்புங்கள். மறைத்து அனுப்பினால் உங்கள் எண்ணெய் அடுத்தவர் சேலையில்தான் இறங்கும். சென்ட், ஸ்பிரே, தீப்பற்றும் எதையும் அனுப்பக் கூடாது.

முகவரியில் என்ன கவனிக்கவேண்டும்? பார்சல் அடிக்கடி சுற்றித் திரும்பி வருகிறது.

ஒரு முறை பாலி கவர் வாங்கச் சென்னைக் கடை ஒன்றில் ஆர்டர் போட்டேன். எங்கள் பின்கோடு 630103. அவசரத்தில் 603103 என்று அடித்துவிட்டேன். இரண்டு எண் இடம் மாறியதுதான். அது சென்னைக்குத் தெற்கே கேளம்பாக்கம் பக்கத்துப் பின்கோடு. சென்னையில் கிளம்பிய பார்சல் சென்னைப் பக்கத்தைத் தாண்டவே இல்லை. நான் இங்கே உறை இல்லாமல் தீபாவளி ஆர்டர்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தப்பு முழுக்க என்னுடையது, யாரைத் திட்டுவது?

1972 ஆகஸ்ட் 15இல் வந்த இந்த ஆறு இலக்கத்தில் முதல் எண்ணான 6 தமிழ்நாடு, கேரளம் பகுதி, முதல் மூன்றும் சேர்ந்து பிரிப்பு மாவட்டம். வழியில் பார்சலைப் பிரிப்பவர்கள் ஊர்ப்பெயரைவிட இந்த எண்ணைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே வாட்ஸ்அப்பில் முகவரி வந்ததும் அதை அப்படியே திருப்பி அனுப்பி, 'பின்கோடு சரிதானே?' என்று ஒரு வரி கேளுங்கள். நான் கேட்டதில் எத்தனையோ பேர் திருத்தி அனுப்பியிருக்கிறார்கள்.

நம் பக்கத்துக்கு வரும் பார்சல்களில் வேறு சிக்கல். இங்கே விலாசம் என்றால் தெருவும் எண்ணும் மட்டும் இல்லை, குடும்பத்தின் முதலெழுத்துகள்தான் விலாசம். வீட்டை அந்த எழுத்துகளைச் சொல்லித்தான் கேட்போம். ஒரே தெருவில் மூன்று சிதம்பரம் செட்டியார் இருந்தால் எழுத்துகள்தான் வழிகாட்டும். பழைய தபால்காரருக்கு அது மனப்பாடம். புதிதாக வந்த கூரியர் பையனுக்கு ஒன்றும் புரியாது. அவனுக்குக் கதவு எண், 'கோயில் ஊரணிக்குத் தெற்கே' என்பது போல ஓர் அடையாளம், இரண்டு போன் நம்பர் வேண்டும். இரண்டாவது நம்பர் முக்கியம். பெரிய வீடுகளில் வருஷத்தில் பாதி நாள் பூட்டுதான் தொங்கும், பக்கத்து வீட்டு நம்பர் இருந்தால் பார்சல் தங்கும்.

லேபிளைக் கையால் எழுதினால் மழையில் கரையாத பேனாவில் எழுதி, மேலே டேப் ஒட்டுங்கள். பெட்டிக்குள்ளும் ஒரு சீட்டில் முகவரி வையுங்கள். வெளி லேபிள் கிழிந்துபோன ஒரு பார்சல் அந்தச் சீட்டால்தான் எனக்குத் திரும்பி வந்தது.

பொருள் வந்தபிறகு பணம் தருகிறேன் என்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

சேலைக்கு யோசிக்கலாம். பலகாரத்துக்குக் கூடவே கூடாது. வாங்காமல் திருப்பினால் போக வர இரண்டு கட்டணமும் நம் தலையில், வந்து சேரும் பலகாரம் விற்கவும் ஆகாது, வீட்டில் தின்னவும் யாருக்கும் மனம் வராது. பாதிப் பணத்தை ஜி-பேயில் வாங்கிக்கொண்டு அனுப்புவது நடுவழி. 'நம்பிக்கை இல்லையா?' என்று கோபப்படுகிறவர்களிடம், முதல் ஆர்டரைக் கால் கிலோவாக வாங்கிப் பாருங்கள் என்று சொல்கிறேன்.

இது ஒன்றும் புது யோசனை இல்லை. தபாலில் வி.பி.பி. என்ற முறை 1877இலேயே வந்துவிட்டது. தபால்காரரிடம் பணம் கட்டிப் பார்சலை வாங்கிக்கொண்டால் பணம் அனுப்பியவருக்கு வந்துசேரும்.

'டெலிவர்டு' என்று காட்டுகிறது, வாங்கியவர் கைக்கு வரவில்லை என்கிறார். என்ன செய்வது?

பதறாதீர்கள். பாதி நேரம் பக்கத்து வீட்டிலோ வாட்ச்மேனிடமோ இருக்கும். அங்கே இல்லையென்றால் அன்றைக்கே புகார் போடவேண்டும், நாள் தள்ளத் தள்ளக் கண்டுபிடிப்பது கடினம். தபால் என்றால் 1800 266 6868 என்ற கட்டணமில்லா எண், கையில் 13 எழுத்து டிராக்கிங் எண் இருக்கட்டும். வாங்குபவரின் ஊர் அஞ்சலகத்தில் அவரையே நேரில் கேட்கச் சொல்வது இன்னும் வேகம். கூரியர் என்றால் புக் செய்த கிளையை விடாதீர்கள், யாரிடம் கையெழுத்து வாங்கினார்கள் என்று கேளுங்கள். ஒரு கூரியரில் எனக்குக் காட்டிய கையெழுத்து வெறும் ஒரு கோடு. அதைப் படம் எடுத்து அவர்களுக்கே அனுப்பியபிறகுதான் பார்சல் குடோனில் கிடப்பது தெரிந்தது. எதற்கும் மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

தொலைந்தே போனால் ஸ்பீட் போஸ்ட்டில் கிடைக்கும் இழப்பீடு, கட்டியதைப்போல் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், எது குறைவோ அது. ஐயாயிரம் ரூபாய்ச் சேலைக்கு அது காணாது. விலை கூடிய பொருளுக்கு இன்சூரன்ஸ் சேர்த்து அனுப்புங்கள், பில்லின் நகலைப் பத்திரமாக வையுங்கள்.

ஆத்தங்குடிக் கல்லைக் கூரியரில் அனுப்பமுடியுமா?

மாதிரிக்கு ஒன்றிரண்டு கல் அனுப்பலாம். கல்லுக்கு இரு பக்கமும் தெர்மாகோல் வைத்து, மூலைகளுக்கு இரட்டை அட்டை கொடுங்கள். வீட்டுத் தரைக்கான ஆர்டர் என்றால் லாரி பார்சல்தான். கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்தி அடுக்கி, இடையில் வைக்கோல் கொடுத்தால் சேதம் குறைவு. கட்டணத்தை நீங்கள் கட்டினால் 'பெய்டு', வாங்குபவர் கட்டினால் 'டு பே'. லாரி ஆபீஸில் தரும் எல்.ஆர். ரசீதை உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், அது இல்லாமல் குடோனில் சரக்கு தரமாட்டார்கள். வீட்டு வாசலில் இறக்குவார்களா, குடோனில் போய் எடுக்கவேண்டுமா என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். உடைவதற்கு நூற்றுக்கு இரண்டு மூன்று கல் சேர்த்தே தம்பி அனுப்புகிறான். சரக்கு மதிப்பு தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம், வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் சரக்கோடு போகவேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டான இ-வே பில் வேண்டும்.

ஜி.எஸ்.டி., உணவு உரிமம் எல்லாம் வேண்டுமா?

பலகாரம், மசாலா விற்றால் வீட்டிலிருந்து செய்தாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் பதிவு வேண்டும், அந்த 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. பெங்களூருக்கு ஒரு கிலோ முறுக்கு அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனை, கணக்கு மாறிவிடும். கைவினைப் பொருளுக்குச் சில தளர்வுகள் உண்டு. உங்கள் பொருள் அதில் வருமா என்று ஆடிட்டரிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

மலேசியா, சிங்கப்பூரிலிருந்து கேட்கிறார்கள். எப்படி அனுப்புவது?

நம் ஊருக்கு இது புதிதா? கப்பலில் பலகார டின் ஏற்றிய ஊர்தானே. வியாபாரமாக அனுப்ப ஏற்றுமதிக் குறியீடு, அதாவது ஐ.இ.சி., எடுக்கவேண்டும். ஆன்லைனில் 500 ரூபாய் கட்டினால் கிடைக்கும். அஞ்சல் துறை 2022 முதல் 'டாக் கர் நிர்யாத் கேந்திரா' என்ற பெயரில் ஏற்றுமதி மையங்கள் நடத்துகிறது. ஏற்றுமதிப் படிவத்தைக் கணினியில் நிரப்பி, லேபிள் அடித்து, பார்சலை அங்கே கொடுக்கலாம். சுங்க வேலையையும் அவர்களே நடத்திக்கொடுப்பார்கள். உங்களுக்குப் பக்கத்து மையம் எது என்று தலைமை அஞ்சலகத்தில் கேளுங்கள். உணவுப் பொருளுக்கு ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சட்டம். வாங்குபவரையே அவர் நாட்டில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

அமெரிக்கா மட்டும் தனிக் கதை. சிறு பார்சலுக்கு இருந்த வரிவிலக்கை அவர்கள் 2025 ஆகஸ்டில் எடுத்தபோது நம் தபாலும் நின்றது. அக்டோபர் நடுவில் மறுபடி தொடங்கினார்கள், வரியை இங்கேயே முன்கூட்டி வாங்கிக்கொண்டு. விகிதம் மாறிக்கொண்டிருப்பதால் ஆர்டர் எடுக்கும் அன்று கவுண்டரில் கேட்டுவிட்டு விலை சொல்லுங்கள்.

வீட்டில் பழைய மரவை (மரப்பாத்திரம்), எனாமல் தூக்கு, பெல்ஜியம் கண்ணாடி கிடக்கிறது. அதையும் வெளிநாட்டுக்கு விற்கலாமா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளைப் பார்த்து எல்லோருக்கும் இந்த ஆசை வருகிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதைத் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. எனாமல் தூக்கு அவ்வளவு பழசாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் பாட்டையா கல்யாணத்துக்கு வந்த சிலையும் மரச்சிற்பமும் அந்த வயதைத் தொட்டிருக்கும். சந்தேகம் என்றால் தொல்லியல் துறையிடம் 'இது தொல்பொருள் அல்ல' என்று சான்று வாங்கியபிறகே பெட்டி கட்டுங்கள். இந்தியாவுக்குள் விற்றாலும் சிலை என்றால் பதிவுச் சட்டம் இருக்கிறது, விசாரித்துக்கொள்ளுங்கள்.

தீபாவளி ஆர்டரை எந்த நாளோடு நிறுத்தவேண்டும்?

தமிழ்நாட்டுக்குள் என்றால் தீபாவளிக்கு ஆறு நாள் முன்பு, வெளிமாநிலத்துக்குப் பத்து நாள் முன்பு நான் நிறுத்திவிடுகிறேன். கடைசி வாரத்தில் எல்லா குடோனிலும் பெட்டி மலைபோல் குவிந்திருக்கும், அடியில் கிடப்பது நம்முடையதாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகும் விடாமல் கேட்பவர்களுக்குச் சென்னை பஸ்ஸில் போட்டுவிடுகிறேன், கோயம்பேட்டிலோ கிளாம்பாக்கத்திலோ போய் அவர்களே எடுத்துக்கொள்ள வேண்டும். பஸ் நம்பர், டிரைவர் போன் நம்பர், பெட்டியின் படம் மூன்றையும் அனுப்பிவிட்டு, விடிகாலை நாலு மணிக்கு அலாரம் வைத்து அவர்களை எழுப்புவதும் நான்தான்.